அம்மா பெயரில் ஒரு ‘ழ’

என் அம்மாவின் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. 1981இல் கல்யாணம் முடிந்து, லீவு தீர்ந்து ராணுவ யூனிட்டுக்குத் திரும்பிய அப்பா, மனைவியின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்ட கிளார்க்குக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு எழுதிவிட்டார். அப்பா மரியாதைக்குச் சேர்த்துச் சொன்னாரோ என்னவோ, பெயருக்குப் பின்னால் ஓர் ‘அம்மாள்’ வேறு ஒட்டிக்கொண்டது. முப்பது வருடம் கழித்து ஆதாருக்குப் பதிவு செய்த பையன் அதே ‘ழ’வுக்கு ‘இசட் ஹெச்’ போட்டான். அம்மாளை விட்டுவிட்டான். இரண்டும் என் அம்மாதான். ஆனால் 2022 ஜூனில் அப்பா இறந்த பிறகு, குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போன இடத்தில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அவர்கள் இரண்டு பெண்கள். அந்த இரண்டு பேரையும் ஒருத்தியாக்க எங்களுக்கு 14 மாதம் பிடித்தது.

அந்த 14 மாதத்தில் தெரிந்துகொண்டதையும், பிறகு எங்கள் தெருவில் மற்ற வீடுகளுக்காக அலைந்து தெரிந்துகொண்டதையும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போன வாரம் ஒரு தோழி போன் செய்தாள். “எங்கப்பாவும் மிலிட்டரிதான். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவுக்கு என்னடி வரும்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளுடைய அப்பா நன்றாக இருக்கிறார், காலையில் நடைப்பயிற்சி கூடப் போகிறார். அதைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு நிம்மதி. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறாள். நாங்கள் கேட்கவில்லை.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பி ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிய ஊர். எங்கள் ஊர் அதுவல்ல, அதே மாவட்டத்தில் கொஞ்சம் தள்ளி. ஆனால் வழக்கம் ஒன்றுதான். பத்தாவது முடித்த பையன்கள் விடியற்காலையில் ஏரிக்கரை மேல் ஓடுவார்கள். தேறியவர்கள் ரயிலேறுவார்கள். பதினைந்து, இருபது வருடம் கழித்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வருவார்கள். மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். எங்கள் தெருவில் அந்தப் பெட்டி இல்லாத வீடுகளை எண்ணிவிடலாம்.

அப்பா 1975இல் சேர்ந்து, 24 வருடம் முடித்து, 1999இல் ஹவில்தாராக ஊருக்கு வந்தார். அவருடைய பெட்டியை அம்மா ஒரு நாளும் திறந்ததில்லை. அதன்மேல் போர்வையும் தலையணையும் அடுக்கி வைப்பார், அவ்வளவுதான். பூட்டு இருந்தது, சாவி எங்கே என்பதும் தெரியும். ஆனாலும் அது அப்பாவுடைய காகிதம் என்று ஒரு நினைப்பு. கருமாதி முடிந்த மறுநாள் ராத்திரி நானும் தம்பியும்தான் திறந்தோம். நாப்தலின் வாசம். சிவப்பு அட்டை போட்ட டிஸ்சார்ஜ் புக், பழுத்துப்போன பி.பி.ஓ. தாள் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை), இரண்டு மெடல்கள், ஒரு இன்சூரன்ஸ் சான்றிதழ். அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இன்லாண்ட் கடிதங்கள். எல்லாம் அம்மா எழுதியவை. கையெழுத்துக்கு மேலே தன் முழுப்பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை காகிதங்களிலும் அம்மாவின் பெயர் சரியாக இருந்தது அந்தக் கடிதங்களில் மட்டும்தான்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மிலிட்டரிக்காரர் இறந்துவிட்டார் என்றால் கோடி ரூபாய் வரும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்பாவின் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அம்மாவிடமே கேட்டார், “உங்களுக்கு எவ்ளோ தருவாங்க?” என்று. டி.வி.யில் பார்ப்பது எல்லையில் உயிர்விட்ட வீரரின் குடும்பத்துக்குக் கொடுப்பது. அதற்குத் தனிக் கருணைத்தொகை உண்டு. மாதாமாதம் வருவது லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன், அதாவது அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுசாக. பணியில் இருக்கும்போது, பணியின் காரணமாக நேர்ந்த விபத்திலோ நோயிலோ இறந்தால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். எங்கள் அப்பா மாதிரி பென்ஷனோடு ஊருக்கு வந்து, நிலத்தைப் பார்த்து, பேத்தியைத் தூக்கிக் கொஞ்சி, 66 வயதில் மாரடைப்பில் போனவர்களின் குடும்பத்துக்கு ஆர்டினரி ஃபேமிலி பென்ஷன். 30 சதவீதம். எங்கள் தெருவில் உள்ள விதவைகளில் அநேகமாக எல்லாரும் வாங்குவது இந்த மூன்றாவதைத்தான்.

30 சதவீதம் என்றதும் அம்மா பயந்துவிட்டார். 1999ஆம் வருடச் சம்பளத்தில் 30 சதவீதமா என்று கேட்டார். அப்படியில்லை. ஒவ்வொரு ஊதியக் குழுவுக்கும் பழைய பென்ஷனை உயர்த்திக் கணக்கிடுகிறார்கள். 2016 ஜனவரியிலிருந்து குடும்ப ஓய்வூதியம் எந்த நிலையிலும் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதன்மேல் அகவிலைப்படி. 2025 ஜூலை கணக்குப்படி 58 சதவீதம், ஆக அடிமட்டமே 14,220 ரூபாய். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்று 2015 நவம்பரில் ஆணை வந்து, 2014 ஜூலை முதல் கணக்கிட்டுக் கொடுத்தார்களே, அது விதவைகளுக்கும் சேர்த்துத்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 2019 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். தன் கணவர் காலத்துப் பென்ஷன்தான் இன்னும் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் அத்தைகள் பாஸ்புக்கை ஒருமுறை யாரிடமாவது காட்டிப் பார்ப்பது நல்லது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. பென்ஷனர் இறந்தவுடனே 30 சதவீதத்துக்கு இறக்கிவிட மாட்டார்கள். முதலில் கொஞ்ச காலத்துக்குக் கூடுதல் விகிதம், 50 சதவீதம். ஆனால் அவர் வாங்கிய பென்ஷனைத் தாண்டக் கூடாது. எவ்வளவு காலம் என்றால், இறந்த நாளிலிருந்து ஏழு வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் பத்து வருடம். அப்பா பிறந்தது 1956 பிப்ரவரி. அதனால் அம்மாவுக்குக் கூடுதல் விகிதம் எட்டே மாதம்தான். அந்த எட்டு மாதமும் நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோதே ஓடிப்போனது. பணம் பின்னால் நிலுவையாக வந்து சேர்ந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மனிதர் போன புதிதில், தாலியறுத்த கையோடு, செலவுக்கு மகனிடமும் மகளிடமும் கை நீட்டாமல் இருக்கத்தானே அந்தக் கூடுதல் விகிதத்தை வைத்திருக்கிறார்கள்? அந்த எட்டு மாதமும் அம்மா என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. காலையில் காபி குடிப்பதை நிறுத்திவிட்டார். பால் வாங்குவதை நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததே தீபாவளிக்குப் போனபோதுதான்.

நாங்களும் ஒரு தப்புச் செய்தோம். அப்பா இறந்தது மாதத்தின் முதல் வாரம். அந்த மாதப் பென்ஷன் முழுசாக வங்கிக்கு வந்துவிட்டது, அடுத்த மாதமும் வந்தது. இறந்த செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். தம்பி ஏ.டி.எம். கார்டை எடுத்துப் போய்க் கருமாதிச் செலவுக்கு எடுத்தான். பென்ஷன் என்பது இறந்த நாள் வரைக்கும்தான், அந்த நாளையும் சேர்த்து. அதற்கு அடுத்த நாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். அதிகமாக எடுத்ததைப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது நியாயம்தான். அதனால் யாராவது இறந்தால் முதல் வேலையாக வங்கிக்கும் பென்ஷன் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். அந்தக் கார்டைத் தொடாதீர்கள். இறந்த நாள் வரைக்கும் சேர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம். அதற்கு நாமினி பெயர் கொடுத்திருந்தால் சுலபம், இல்லாவிட்டால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று வரை அலைய வேண்டியிருக்கும்.

இப்போது ‘ழ’வுக்கு வருகிறேன். அப்பாவின் பி.பி.ஓ.விலேயே அம்மாவின் பெயர் இருந்தது. அப்படி இருந்தால் மரணச் சான்றிதழும் அடையாள அட்டையும் காட்டினாலே குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிட வேண்டும். நாங்கள் போன வங்கியில் பி.பி.ஓ.வையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெயர் ஒத்துவரவில்லை. பிறந்த வருடம் இதில் 1960, அதில் 1962. “வேற ஆளா இருக்கே, மேடம்” என்றார் அந்த அதிகாரி. அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தோரு வருடம் வாழ்ந்த மனிதனுடைய மனைவி நீ இல்லை என்று யாரோ சொன்ன மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது. அந்த அதிகாரி மீது எனக்குக் கோபமில்லை, காகிதத்தில் இருப்பதைத்தான் அவர் பார்த்தார். ஆனால் அம்மாவின் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

திருத்திய பி.பி.ஓ. வந்தால்தான் நடக்கும் என்றார்கள். மிலிட்டரிக்காரர்கள் அதை ‘கரிஜெண்டம்’ என்பார்கள். அதற்கு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் ஊரில் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈ.எம்.இ. என்றால் செகந்திராபாத், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மனைவி பெயர், குழந்தைகள் பிறப்பு எல்லாம் பணிக்காலத்தில் பார்ட் டூ ஆர்டர் என்ற ஒன்றின் வழியாகத்தான் அங்கே ஏறும். அதில் ஏறாத பெயர் அவர்களைப் பொறுத்தவரை இல்லாத பெயர். எங்கள் முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவதுக்கு, இன்ன காகிதம் இல்லை என்று வந்தது. மூன்றாவதாக அனுப்பினால், அனுப்பிய காகிதத்தில் நோட்டரி முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் இரண்டு மாதம், மூன்று மாதம்.

எங்களைக் கரையேற்றியவர் தெருக்கோடி சுபேதார் மாமா. “நேரா எழுதாதேம்மா. நம்ம சோல்ஜர் போர்டு வழியா போ” என்றார். அந்தத் தலைமுறை இன்னும் அப்படித்தான் சொல்கிறது. இப்போதைய பெயர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே இருந்த ஒரு கிளார்க், தானும் முன்னாள் ராணுவ வீரர், அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம், ஆதார், பான், வாக்காளர் அட்டை மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே பிறந்த தேதி, டிஸ்சார்ஜ் புக்கின் குடும்ப விவரப் பக்கம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, முகப்புக் கடிதம் வைத்து அவரே அனுப்பினார். வாக்காளர் அட்டையில் மூன்றாவதாக ஒரு விதமாகப் பெயர் இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அதைத் திருத்தவே தனியாக ஒரு மாதம் ஆனது. 2023 ஆகஸ்டில் பணம் வந்தது.

இப்போது படைத்துறை ஓய்வூதியம் பெரும்பாலும் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையத் தளத்துக்கு மாறிவிட்டது. பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இறப்பைத் தெரிவிப்பது, குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிப்பது, பெயர் திருத்தம் எல்லாம் அதிலேயே செய்யலாம். வீட்டில் செய்யத் தெரியாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் செய்து கொடுப்பார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய கணக்கில் நுழைந்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பார்க்கப் பத்து நிமிடம் போதும். எங்களுக்கு அந்தப் பத்து நிமிடம் 14 மாதம் ஆனது.

பிறந்த தேதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அடுத்த தெரு ஆயா ஒருவரால். கணவர் 1971 யுத்தத்துக்குப் போய்வந்த சிப்பாய், இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. எண்பது முடிந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் இரண்டு மடங்கு. ஆயாவுக்கு அது வரவில்லை. பி.பி.ஓ.வை எடுத்துப் பார்த்தால் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடமே காலி. வயது தெரியாதவருக்கு எண்பது எப்படி நிறையும்? அதையும் அதே வழியில் எழுதிச் சரிசெய்தோம். நிலுவையோடு வந்தது. ஆயா அந்தப் பணத்தில் முதலில் செய்தது, கணவரின் போட்டோவுக்குப் புது ஃபிரேம் போட்டதுதான்.

ஆயாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். 2014இலிருந்து ‘ஜீவன் பிரமாண்’ என்று விரல் ரேகை வைத்தே கொடுக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ரேகை எங்கே இருக்கிறது? நாற்று நட்டும் பீடி சுற்றியும் விரல் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஆயா ஆறு விரலை மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. ‘நான் இன்னும் சாகலைன்னு இதுக்கு எப்படிச் சொல்றது’ என்று ஆயா அழுதுவிட்டார். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்க முடிகிறது. வீட்டுத் திண்ணையில், நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்தேன். இரண்டாவது முறையே வந்துவிட்டது. இந்த ஒரு வேலையை ஊரில் படித்த பிள்ளைகள் வருடத்துக்கு ஒருநாள் செய்து கொடுத்தாலே பல வீட்டில் பென்ஷன் நிற்காது.

பெண்களைப் பற்றியும் மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் தகப்பன் இருவருக்கும் பிறகு குடும்ப ஓய்வூதியம் பிள்ளைக்குப் போகும். பொதுவாக 25 வயது வரை, அல்லது கல்யாணமோ சம்பாத்தியமோ ஆகும் வரை. ஆனால் கல்யாணமாகாத, விதவையான, விவாகரத்தான மகளுக்கு அந்த வயதுக்குப் பிறகும் உண்டு, வேறு வருமானம் இல்லையென்றால். விவாகரத்து வழக்கு பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே போட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் கணவனைப் பிரிந்து பத்து வருடமாகத் தாய்வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர், ஊர் என்ன சொல்லுமோ என்று கோர்ட்டுக்கே போகவில்லை. அவருடைய அம்மாவுக்கு 78 வயது. எனக்கு அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. போன மாதம்தான் ஒருவழியாக வக்கீலைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அதே மாதிரி, தானாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயரை அப்பாவோ அம்மாவோ இருக்கும்போதே பதிவு செய்து வைத்துவிட வேண்டும். அவர்கள் போன பிறகு அந்தப் பிள்ளைக்காக ரெக்கார்டு ஆபீசுக்கு யார் எழுதுவார்கள்?

பென்ஷனே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருடப் பணி வேண்டும். வீட்டுக் கஷ்டத்தால் ஆறேழு வருடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களும் முன்னாள் படைவீரர்கள்தான், ஆனால் மாதம் ஒன்றும் வராது. அவர்கள் மனைவிமார் எங்கேயும் போய்க் கேட்பதில்லை, ‘நமக்குத்தான் பென்ஷன் இல்லையே’ என்று. 65 வயது தாண்டிய, ஹவில்தார் ரேங்க் வரையிலான, பென்ஷன் இல்லாத முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய சைனிக் போர்டு வழியாக மாத உதவி உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000 என்பது 2,000 ஆனது, இரண்டு பிள்ளைகள் வரை. மகள் கல்யாணத்துக்கு 50,000 என்பது ஒரு லட்சம் ஆனது. விதவை மறுமணம் செய்துகொண்டாலும் அந்த உதவி உண்டு. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? டிசம்பர் 7, கொடிநாள். 1949இலிருந்து நடக்கிறது. பள்ளியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறத்தில் ஒரு சின்னக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டு உண்டியலில் காசு போடச் சொல்வார்களே, அந்த நிதியிலிருந்துதான். நான் நாலாம் வகுப்பில் போட்ட எட்டணா, பெருமாள் கோயில் தெருவில் பூக்கட்டும் அத்தைக்கு இன்று போய்ச் சேர்கிறது என்று நினைக்கும்போது மனசு நிறைகிறது. அந்த அத்தைக்கு விண்ணப்பம் போட்டது நான்தான், அதனால் சொல்கிறேன்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பொறியியல், மருத்துவம், நர்சிங் போன்ற தொழிற்படிப்புகளுக்கு. பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. அந்தப் படிப்பில் சேர அடிப்படைத் தகுதியான தேர்வில், பன்னிரண்டாவது மாதிரி, 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். அப்பா இறந்த வருடத்தில் பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கிறது என்றால், அழுகைக்கு நடுவில் இதன் கடைசித் தேதி போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

மருத்துவத்துக்கு ஈ.சி.எச்.எஸ். என்று முன்னாள் படைவீரர்களுக்கான திட்டம் இருக்கிறது. 2003 ஏப்ரல் 1இல் தொடங்கியது. அதற்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் தாமாக விண்ணப்பித்துச் சேர வேண்டும். அப்பா சேர்ந்திருந்தார், அந்த ஒரு காகிதத்தை மட்டும் அம்மாவிடம் காட்டியும் இருந்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைக்கும் அந்த வசதி உண்டு, கார்டை மட்டும் அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கேன்டீன் கார்டும் அப்படித்தான்.

பெட்டியில் கிடந்த இன்சூரன்ஸ் சான்றிதழைச் சொன்னேன் இல்லையா? ராணுவத்தில் எல்லாருக்கும் குரூப் இன்சூரன்ஸ் உண்டு, 1976இலிருந்து. ஓய்வு பெறும்போது ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு குறிப்பிட்ட காலம் வரை காப்பீட்டைத் தொடர்வார்கள். எந்தத் தேதி வரை என்று அதிலேயே போட்டிருக்கும். அந்தத் தேதிக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு, ஆனால் குடும்பம்தான் கேட்க வேண்டும். அப்புறம், ஊருக்கு வந்த பிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போனவர்கள் பலர், அப்பாவும்தான். அங்கே பி.எஃப். பிடித்திருந்தால் அதன் விதவை ஓய்வூதியம் தனி. குறைந்தது 1,000 ரூபாய். ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வாங்குவதால் இது போய்விடாது. சின்னப் பணம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அம்மாவின் மருந்துச் செலவு அதில்தான் நடக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் எங்கள் ஊர் ஆண்கள் முகம் சுளிப்பார்கள். “நான் இருக்கும்போதே சாவைப் பத்திப் பேசறியா?” என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நாட்டுக்காகப் பனியிலும் மணலிலும் நின்றவர்கள், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைப் பேச ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று எனக்கு வருத்தமாக இருக்கும். அம்மா தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். வருடத்தில் பத்து மாதம் மாமனார், மாமியார், மாடு, நிலம் எல்லாம் அவர் தலையில்தான். அந்த 30 சதவீதத்தை அவர் யார் கையிலிருந்தும் இரந்து வாங்கவில்லை. 18 வருடம் அந்த வீட்டைக் காத்ததற்கு வரும் பணம் அது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு நாயக் மாமாவைப் பிடித்து உட்காரவைத்தேன். 71 வயது. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் மனசு வந்தது. பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்தார். அத்தை கை துடைத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து வந்து எட்ட நின்றார். “நீயும் உக்காரு” என்றார் மாமா. பி.பி.ஓ.வைப் பிரித்தேன். அத்தையின் பெயரை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. அத்தை சிரித்தார். அதற்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

“அத்தை, உங்க பொறந்த தேதி இதுல இல்ல.”

“எனக்கென்னம்மா தெரியும்? மாட்டுப் பொங்கல் அன்னிக்குப் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்.”

ஆதாரில் ஜூலை 1 என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ போட்ட தேதி. காகிதத்துக்கு அதுதான் கணக்கு, அதையே எழுதிவிடலாம் என்றேன். மாமா பேசாமல் கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

“மாட்டுப் பொங்கலா? இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவைகூட சொன்னதில்லையே நீ?”